சிக்குன்குனியா போயும் விரல் மடங்காதவர்களுக்கு: வீட்டு மெழுகுத் தொட்டி வாங்கலாமா?

காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் ஆகியும் காலையில் விரல் மடங்க மறுக்கிறது, வீக்கமும் சூடும் அடங்கிவிட்டன, இறுக்கம் மட்டும்தான் மிச்சம் என்றால், மெழுகை உருக்கிச் சூடாக வைத்து அதில் கையை முக்கி எடுக்கிற இந்த மின்சார மெழுகுத் தொட்டி வாங்கத் தகுந்த பொருள்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சர்க்கரை நோயால் கை கால் மரத்துப்போனவர்கள், தோலில் புண் உள்ளவர்கள், மூட்டு இன்னும் சிவந்து கொதித்துக்கொண்டிருப்பவர்கள் வாங்க வேண்டாம், யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குவதற்கு முன் நான் தேடியபோது தமிழில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் விற்பவர்களே எழுதியது.

பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே தொட்டி, ஒரே மூடி, ஒரே குமிழ், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும் வேறு வேறு, அப்படித்தான் ஆன்லைனில் விற்கிறது. அதனால் பெயரைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உபயோகம்.

வாங்கியது அம்மாவுக்கு. போன மழைக்காலத்தில் மதுரையில் எங்கள் தெருவில் வரிசையாக எல்லோரும் படுத்தார்கள். பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டிலும் ஃபிரிட்ஜ் பின்னால் தேங்கும் தண்ணீரிலும் பெருகுகிறது, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அம்மாவுக்குக் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. இரத்தப் பரிசோதனையில் சிக்குன்குனியா என்று வந்தது, டெங்கு இல்லை என்றார்கள், நாங்களும் அப்பாடா என்றோம். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மணிக்கட்டு, விரல் கணு, கணுக்கால், இந்தச் சின்ன மூட்டுகளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது, அதுவும் இரண்டு பக்கமும். காலையில் கேஸ் குமிழைத் திருக முடியாது. புளி கரைக்க முடியாது. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும், மத்தியானம் பரவாயில்லை, ராத்திரி மறுபடி இறுகும். பூக்கட்டுவதில் எங்கள் தெருவில் அம்மா கையை அடிக்க ஆள் கிடையாது, அந்தக் கையால் நாரைச் சுற்றி முடிச்சுப் போட முடியவில்லை. நடுவில் மூக்கு நுனி கறுத்தது, தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. இரண்டும் இந்த நோயோடு வருவதுதான், நாளாக நாளாகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார், பெரும்பாலும் சரியானது. மூட்டுதான் ஆகவில்லை.

"எல்லாருக்கும் ஆறு மாசம் இருக்கும், அதுவா போயிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பலருக்கு அப்படிப் போகவும் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கணிசமான பேருக்குப் போவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட நிலை என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். வயதானவர்கள், பெண்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், காய்ச்சலின்போதே வலி கடுமையாக இருந்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1963-ல் கல்கத்தாவில் வந்தது, 1964-ல் மதராஸில் பரவியது, அப்புறம் எழுபதுகளோடு காணாமல் போய் 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-ல் நாடு முழுக்க ஏறக்குறைய 13.9 லட்சம் பேர் என்று அரசுக் கணக்கு. நம் ஆட்கள் நிறையப் பேர் குடியேறிய, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் அதே சமயத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் தாக்கியது, அங்கே வருடக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தபோது பிறகும் மூட்டு வலி இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏராளம். ஆக, காய்ச்சல் போன பின்னும் வலிக்கிறது என்று சொல்லும் அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், சும்மா சொல்கிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். காய்ச்சல் நாட்களில் பாராசிட்டமால் மட்டும்தான், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினோ மற்ற வலி மாத்திரைகளோ தொடக்கூடாது என்றார்கள். வலி நீடித்ததும் மூட்டுவாத நிபுணரிடம் போனோம். முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் எடுத்துப் பார்த்தார், ஏனென்றால் சிக்குன்குனியா வாதமும் முடக்குவாதமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். மாத்திரை மாற்றிக் கொடுத்தார், வீக்கம் மெல்ல வடிந்தது. வீக்கம் வடிந்த பிறகுதான் பிசியோதெரபிக்கு எழுதினார், அந்த வரிசை முக்கியம். அங்கே முதல் தடவை மெழுகுத் தொட்டியைப் பார்த்ததும் அம்மா, "அப்பளம் பொரிக்கிற மாதிரி என் கையப் பொரிக்கச் சொல்றியாடா" என்றார். பொரித்துவிட்டு வெளியே வரும்போது ஆட்டோவில் பர்ஸ் ஜிப்பைத் தானே திறந்தார்.

கிளினிக்கில் ஒரு தடவைக்கு 250 ரூபாய், ஆட்டோ போக வர அதற்குக் குறையாது, கூட ஒருவர் போக வேண்டும், அவர் வேலையில் பாதி நாள் போகும். பிசியோதெரபி செய்த பெண்ணிடமே கேட்டேன், வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று. தாராளமாக, ஆனால் முதல் சில தடவை இங்கே செய்து பழகிவிட்டு வாங்குங்கள் என்றார். நியாயமான பேச்சு. தன் வருமானத்துக்கு எதிராக ஒருவர் இப்படிச் சொல்வது அடிக்கடி நடப்பதில்லை.

நான் வாங்கியது மூவாயிரத்துச் சொச்சம். வெளியே பிளாஸ்டிக் கூடு, உள்ளே உலோகத் தொட்டி, பக்கத்தில் ஒரு குமிழ், சிவப்பு விளக்கு எரிந்தால் சூடாகிறது, அணைந்தால் சூடு பிடித்து வைத்திருக்கிறது. ஒரு கையை மணிக்கட்டுக்கு மேல் வரை படுக்க வைக்க இடம் இருக்கிறது. கால் வைக்கலாம் என்று படம் போட்டிருக்கிறார்கள், பத்து வயசுப் பிள்ளையின் கால் வேண்டுமானால் போகும். அம்மாவின் கணுக்காலுக்குக் கடைசியில் வாளியில் வெந்நீர்தான். கால் மூட்டும் முக்கியம் என்றால் மருத்துவமனைகளில் பயன்படுத்தும் பெரிய ஸ்டீல் தொட்டி தனியாக விற்கிறது, பெரியாஸ்பத்திரி பக்கம் பனகல் ரோட்டு சர்ஜிகல் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், விலையும் எடையும் கூடுதல், வீட்டில் வைக்க இடமும் வேண்டும்.

பெட்டிக்குள் வந்த மெழுகு அரைக்கிலோகூட இருக்காது, லாவண்டர் வாசனை, ஊதா நிறம். இது பியூட்டி பார்லரில் கை கால் மெருகுக்குப் போடுவது. கையை முழுசாக முக்குவதற்குக் குறைந்தது ஒன்றரை இரண்டு கிலோ வேண்டும் என்பதை வெளியே எங்கேயும் எழுதவில்லை, ஆர்டர் போட்டு வந்து ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும், விரல் பாதிகூட முழுகாது. மெழுகைத் தனியாக வாங்க வேண்டும். அங்கேதான் இன்னொரு சிக்கல். மெழுகுவத்தி செய்கிறவர்களுக்கு விற்கும் கட்டி மெழுகு சூடு அதிகம் கேட்கும், உருகுநிலை 58, 60 டிகிரி என்று இருக்கும், அதை அப்படியே உருக்கிக் கையை விட்டால் தாங்காது. சிகிச்சைக்கு வேண்டியது 52, 54 டிகிரி அளவில் உருகி நிற்கிற மெழுகு. அதற்காகத்தான் பிசியோதெரபி ஆட்கள் ஆறு ஏழு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு லிக்விட் பாரஃபின் எண்ணெய் கலக்கிறார்கள், மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிறார்களே அதே எண்ணெய்தான். கலந்தால் உருகுநிலை இறங்கும், மெழுகும் கையிலிருந்து உரிக்கும்போது நொறுங்காமல் வளைந்து வரும். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு அவர் சொல்லும் அளவில் கலந்துகொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம்.

52 டிகிரி வெந்நீரில் கையை விட்டுப் பாருங்கள், அலறிவிடுவீர்கள். அதே சூட்டு மெழுகில் கை தாங்கும். மெழுகு தண்ணீரைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்துகிறது, குறைவாகவே சேமித்தும் வைத்திருக்கிறது, அதோடு முதல் முக்கில் தோலை ஒட்டி உறைந்துபோகும் மெல்லிய படலமே அடுத்த முக்குகளுக்குத் தடுப்பாக நிற்கிறது. உறையும்போது விடுகிற வெப்பம் மெல்ல மெல்லக் கைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒத்தடத் துணி இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும், விரல் இடுக்கில் படவும் படாது. கோணல் மாணலான விரல் மூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு பிடிப்பதில் மெழுகுக்கு ஈடாக வீட்டில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

இந்த மாடலில் எனக்குப் பெரிய குறை தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம். குமிழில் எண் கிடையாது, குறைவு, நடு, அதிகம் என்று மூன்று புள்ளி. நடுவில் வைத்து சமையலறைத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் ஒரு நாள் சரியாக இருக்கிறது, ஒரு நாள் 60-க்கு மேல் காட்டுகிறது. மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு, கரண்டிக் காம்பால் கிளறிவிட்டால்தான் சமமாகிறது. விற்றவர்களிடம் புகார் சொன்னேன், சாட்டில் பதில் சொன்ன ஆள் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது, கடைசியில் மாற்றிக் கொடுத்த தொட்டியும் அதே லட்சணம். ஆகவே தெர்மாமீட்டர் இல்லாமல் இதை வாங்காதீர்கள். அது 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவசரத்துக்கு இன்னொரு அடையாளம் உண்டு: முழுசாக உருகிய பிறகு சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பில் மெல்லிய ஏடு கட்ட ஆரம்பிக்கும், அப்போது கை வைக்கலாம். அம்மா இப்போது தெர்மாமீட்டரைப் பார்ப்பதே இல்லை, பால் ஏடு பார்த்து வளர்ந்தவர். நான் பார்க்கிறேன்.

முழுக்கட்டியாக இருக்கும் மெழுகு உருக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், எனவே எழுந்ததும் செய்துகொள்ளலாம் என்று கனவு காண வேண்டாம், யாராவது சீக்கிரம் எழுந்து சுவிட்ச் போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா நாலரைக்கே எழுவார், அந்த வேலை அவருடையது. மின்சாரம் பெரிதாக இழுப்பதில்லை, சின்னத் தொட்டிதானே, பில்லில் வித்தியாசமே தெரியவில்லை.

செய்முறையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கூடவே வரும் தாளில் இருப்பது எதற்கும் உதவாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் துளி இல்லாமல் துடைக்க வேண்டும், தண்ணீர்ச் சொட்டு தோலில் நின்றால் அந்த இடத்தில்தான் சுடும். மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். வளையலைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா ஒரேயடியாக நின்றார், வீங்கி வடிந்த மணிக்கட்டில் கண்ணாடி வளையல் கழலவும் இல்லை, கடைசியில் முழங்கைப் பக்கம் ஏற்றி ஒரு துணியால் கட்டி வைத்தோம். விரல்களை விரித்து, தொட்டியின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் ஒரே முக்கு, வெளியே எடுத்து மெழுகின் பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து மறுபடி முக்கு. எட்டு பத்து தடவை. நடுவில் விரலை ஆட்டக்கூடாது, ஆட்டினால் படலம் விரிசல் விட்டு உள்ளே சூடு மெழுகு இறங்கும். முதல் முக்கு எந்த உயரம் வரை போனதோ அடுத்தவை அதைத் தாண்டக்கூடாது, தாண்டினாலும் அதே கதைதான். அப்புறம் பிளாஸ்டிக் பை, அதன் மேல் துண்டு, 15 முதல் 20 நிமிஷம். இந்த இருபது நிமிஷத்தில் அம்மாவால் எந்த வேலையும் செய்ய முடியாது என்பதே ஒரு பெரிய நன்மை என்று அப்பா சொல்கிறார்.

உரிக்கும்போது கையுறை கழற்றுகிற மாதிரி வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். சூடு ஆறுவதற்குள் உருட்டிப் பந்தாக்கி அதையே பிசைய வேண்டும், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது இது. பிறகு விரல் பயிற்சி: விரலை நேராக நீட்டி, நடுக்கணுவில் மட்டும் மடக்கிக் கொக்கியாக்கி, மறுபடி நீட்டி, முழு முஷ்டி, மறுபடி நீட்டி, பிறகு அடிக்கணுவில் மட்டும் மடக்கி மேஜை மாதிரி. கட்டை விரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். மணிக்கட்டை மேலும் கீழும். வலிக்கிற எல்லை வரைதான், அதைத் தாண்டி மல்லுக்கட்டக் கூடாது.

இந்தத் தொட்டியைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதுதான். மெழுகு உங்களுக்கு அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம் இளகிய விரல்களைக் கொடுக்கிறது. அந்த நேரத்துக்குள் நீங்கள் விரலை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் மறுநாள் காலையைத் தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் அம்மா மெழுகு போட்ட கையோடு சுகமாக இருக்கிறதென்று சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடுவார், அந்த வாரங்களில் ஒரு முன்னேற்றமும் இல்லை, பொழுது சாய்ந்தால் பழைய குருடிதான். பயிற்சியை ஒட்டவைத்த பிறகுதான் காலை இறுக்கம் பத்து மணியிலிருந்து ஒன்பது, எட்டரை என்று குறைந்தது. மூட்டுவாதத்துக்கான வெப்ப சிகிச்சைகளைப் பற்றி 2002-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது) ஏறக்குறைய இதையே சொல்கிறது: முடக்குவாதக் கைகளுக்கு மெழுகு பயிற்சியோடு சேர்ந்தால் குறுகிய காலப் பலன் உண்டு. அது சிக்குன்குனியாவைப் பற்றியது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் "மூட்டுவாதம் குணமாகும்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்களே, அது பச்சைப் பொய். வைரஸ் கிளப்பிவிட்ட அழற்சியை மெழுகு ஒன்றும் செய்யாது, அதற்கு டாக்டர் கொடுக்கும் மருந்துதான்.

அப்பாவுக்கும் ஆசை வந்தது. அவருக்கு இருபது வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு, செருப்பு கழன்றாலே தெரியாது. காலில் மெழுகை பிரஷ்ஷால் பூசிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு பிசியோதெரபிஸ்ட் யோசிக்காமல் முடியாது என்றார். சூடு அதிகமானால் கை தானாக வெளியே வரும், அந்த வலிதான் இதில் இருக்கிற ஒரே பாதுகாப்பு. அது தெரியாதவருக்குத் தோல் வெந்த பிறகுதான் தெரியும், சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. விற்பனைப் பக்கத்தில் இந்த எச்சரிக்கை எங்கேயும் கிடையாது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு சர்க்கரைக்காரர் இருக்கும்போது இதை எழுதாமல் விற்பதை என்னவென்று சொல்வது.

மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களிலும் மெழுகு வேண்டாம். அப்படிப்பட்ட நாள் நடுநடுவே வரும், அம்மாவுக்கும் வந்தது, அன்றைக்குத் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் ஓய்வும்தான். இறுக்கமா, வீக்கமா என்று தினமும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

மற்றபடி வீட்டில் குவிந்த சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. வலி ஸ்பிரே வாசனைக்கும் ஒரு நிமிஷக் குளிர்ச்சிக்கும் ஆனது. அழுத்தக் கையுறை ராத்திரி போட்டுக்கொள்ள அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, பலன் உண்டா என்று கேட்டால் சிரிக்கிறார். அகச்சிவப்பு விளக்கு யாரோ கொடுத்தது, சும்மா கிடக்கிறது. நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சலின்போது எல்லோரும் போல நாங்களும் குடித்தோம், மாதங்கள் கழித்து வரும் மூட்டு இறுக்கத்துக்கும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை. வாளி வெந்நீரும் கல்லுப்பும் கால்களுக்கு நன்றாகவே உதவுகிறது, உப்புக்கு அதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், அம்மாவின் திருப்திக்கு. உண்மையைச் சொன்னால், கையில் காசு இறுக்கம் என்றால் தாங்குகிற சூட்டில் ஒரு பாத்திரம் வெந்நீர், அதற்குள்ளேயே ஒரு ஸ்பாஞ்ச் பிசைந்து பயிற்சி, இதிலேயே பாதிப் பலன் கிடைத்துவிடும். தொட்டி வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. "மலேரியா மாத்திரை போட்டால் மூட்டு வலி வராது" என்று ஒரு பேச்சு எல்லாத் தெருவிலும் உண்டு. ரீயூனியனில் 2006-ல் காய்ச்சல் கட்டத்திலேயே அந்த மலேரியா மாத்திரையான குளோரோகுயினைக் கொடுத்துச் சோதித்தார்கள், பலனில்லை, மாதங்கள் கழித்துக் கேட்டபோது அதைச் சாப்பிட்டவர்களில்தான் வலி சொன்னவர்கள் அதிகம். அதேபோல ஒரே ஊசியில் வலியைப் பறக்கவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், பறந்த வலி மருந்து நின்றதும் திரும்பி வரும், சர்க்கரை ஏறும். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, மூட்டுவாத நிபுணரே சிலருக்கு அளவோடு கொடுத்து மெல்ல நிறுத்துவார், அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மெழுகை நேராக அடுப்பில் வைத்து உருக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள் அது. இட்லிப் பானைக்குள் கிண்ணம் வைத்து மெழுகுவத்தியை உருக்கும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பார்த்தால் அழித்துவிடுங்கள். தொட்டி ஓடும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பேரன் பேத்தி கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், முழுசாக உறையும்வரை நகர்த்தக் கூடாது. ஒருவர் மெழுகை இன்னொருவருக்குப் பயன்படுத்துவதும் நல்லதில்லை. அடியில் அழுக்கு சேர்ந்தால் மாற்ற வேண்டும், இந்தத் தொட்டியில் வடிகால் துளை இல்லை, உறைந்த பிறகு கட்டியாகப் பெயர்த்தெடுத்து அடிப்பக்க அழுக்கைக் கத்தியால் சீவிவிட்டுத் திரும்பப் போடுகிறோம். சலிப்பான வேலை, அதற்கும் கால் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இப்போது அம்மா கேஸைத் தானே பற்ற வைக்கிறார், புளியும் கரைக்கிறார். பூ கட்டுகிறார், ஆனால் நெருக்கமாக இல்லை, முழத்துக்கு இரண்டு இடத்தில் நார் தெரியும், அது அவருக்குப் பெரிய குறை. கனத்த பாத்திரம் தூக்குவதில்லை. இதில் எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு சும்மா நாள் போனதால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, பிரித்துச் சொல்கிற எந்த விமர்சனத்தையும் நம்பாதீர்கள். மெழுகு போடாத நாட்களில் பயிற்சி செய்ய அம்மாவுக்கு மனசே வருவதில்லை, போட்ட நாட்களில் செய்கிறார். என் கணக்கில் மூவாயிரம் ரூபாய் அதற்கே சரியாகப் போய்விட்டது.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது: மூன்று முள் பிளக், டிகிரி எண் போட்ட குமிழ் அல்லது டிஜிட்டல் காட்டி, உள்தொட்டிக்குள் உங்கள் கை அளவு நீளம் இருக்கிறதா என்பது (அளவுகளைக் கேட்டுக் காகிதத்தில் வரைந்து கையை வைத்துப் பாருங்கள்), வாசனையும் சாயமும் இல்லாத மெழுகு இரண்டு கிலோ தனியாக, திருப்பி அனுப்பும் காலக்கெடு. பெட்டி வந்த அன்றே உருக்கித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள், கெடு முடிந்த பிறகு சாட்டில் யாரும் சிக்க மாட்டார்கள்.